கிரீன்லாந்துத் துடுப்பைக் கற்க எது வழி: தனியாகவா, குளத்திலா, முகாமிலா, கிரீன்லாந்தின் தலைநகர் நூக்குக்கே போயா?

கயாக் என்ற ஒடுங்கிய படகில் ஓரளவு பழகியவர்கள் ஏதோ ஒரு நாளில் அந்த ஒல்லியான மரத் துடுப்பைப் பார்த்துவிடுகிறார்கள். பக்கத்துப் படகில் ஒருவர் உள்ளங்கை அகலமே உள்ள குச்சியை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருப்பார். நடுவில் நிறுத்தி, அப்படியே தண்ணீரில் மல்லாந்து, கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து மறுபடி வலிப்பார். பார்த்தவருக்கு அன்றிலிருந்து தூக்கம் போச்சு. இதை எங்கே கற்பது, வீடியோ போதுமா, முகாமுக்குக் காசு கட்டலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் இந்த வருடம் மட்டும் நான்கு பேர்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துடுப்பு வலிப்பதைத் தனியாகவே கற்கலாம். கவிழப்போகும் படகைத் துடுப்பால் தாங்கிப் பிடிக்கும் வித்தை இருக்கிறதே (பிரேஸ் என்பார்கள், நான் தாங்கல் என்றே எழுதுகிறேன்), அதற்கு இடுப்பளவு தண்ணீரில் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும். காசு செலவழிப்பதானால் அந்த ஆளுக்குச் செலவழியுங்கள். கீழே வருவதெல்லாம் இதற்கான காரணங்களும், இது பொருந்தாத சில நிலைமைகளும்தான்.

இன்னொன்று. ஆர்க்டிக் பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் பெயரால் ‘இனுயிட் துடுப்பு முறை’ என்று இன்று கற்றுத்தரப்படுவது பெரும்பாலும் மேற்குக் கிரீன்லாந்தின் முறை. கனடாவின் கிழக்கு ஆர்க்டிக்கில் படகு அகலம், துடுப்பு மிக நீளம். பெரிங் கடல் பக்கம் ஒரு முனையில் மட்டும் அலகு (தண்ணீரைத் தள்ளும் தட்டைப் பகுதி) உள்ள துடுப்பும் பரவலாக இருந்தது. வீடியோ தேடும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, தப்பு தெரியுமா? நீங்கள் செய்யும் தவறு உங்களுக்கே தெரியும் வகையா, வேறு யாராவது பார்த்துச் சொல்ல வேண்டிய வகையா என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

இரண்டாவது, தண்ணீரின் குளிர். நான் இருக்கும் ஒன்டாரியோ ஏரிக்கரையில் மே தொடக்கத்தில் காற்று 20 டிகிரி இருக்கும், தண்ணீர் ஒற்றை இலக்கத்தில் இருக்கும். குளிர்நீர்ப் பாதுகாப்பு சொல்லித்தருபவர்கள் 1-10-1 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். பயிற்சி என்றாலே கவிழ்வதுதான் என்பதால், இந்தக் கணக்கு உங்களுக்கும் உண்டு.

மூன்றாவது, திரும்பத் திரும்பச் செய்ய வாய்ப்பு கிடைக்குமா என்பது. இது உடம்புக்குப் பழக வேண்டிய வேலை. மூன்று நாளில் புரியும், கைக்கு வர மூன்று மாதம் ஆகும்.

நான்காவது செலவு. கட்டணத்தைச் சொல்லவில்லை, அதற்குப் பின்னால் ஒளிந்திருப்பதைச் சொல்கிறேன்.

| | தனியாக | குளத்தில், கிளப்போடு | சில நாள் முகாம் | கிரீன்லாந்து |
|---|---|---|---|---|
| துடுப்பு வலித்தல் | போதும் | இடம் பத்தாது | நன்று | மிக நன்று |
| தாங்கல் | தவறாகப் பழகும் | மிக நன்று | மிக நன்று | அடிப்படை தெரிந்தால் நன்று |
| தண்ணீர் | கோடை மட்டும் | வெதுவெதுப்பு | இடத்தைப் பொறுத்தது | எப்போதும் குளிர் |
| மறுபயிற்சி | உங்கள் கையில் | வாரா வாரம் | வருடம் ஒருமுறை | அரிது |
| ஒளிந்த செலவு | தோள்பட்டை, காலம் | படகு ஏற்றி இறக்குவது | துய்லிக் என்ற உடுப்பு, படகு | வானிலை |

## தனியாக, வீடியோவும் மரப்பலகையுமாக

இந்த வழியை மட்டமாகப் பேசுபவர்களிடம் பாவ்லாட்டாவைச் சொல்ல வேண்டும். ஹான்ஸ் எடுவார்ட் பாவ்லாட்டா என்ற ஆஸ்திரியர், இனுயிட் மக்கள் கவிழ்ந்த கயாக்கில் எப்படி எழுகிறார்கள் என்ற விவரிப்புகளைப் படித்து, 1927-இல் ஆஸ்திரியாவின் ஓர் ஏரியில் தானே செய்துகாட்டினார். ரோல் (கவிழ்ந்தபின் படகில் இருந்தபடியே நிமிர்ந்து எழுவது) செய்த முதல் ஐரோப்பியர் என்று பெயர் வாங்கினார். துடுப்பை ஒரு பக்கமாக நீட்டிப் பிடித்து எழும் ரோல் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆக, படித்தும் கற்கலாம். ஆனால் நாம் எல்லாரும் பாவ்லாட்டா இல்லை.

இந்த வழியின் பெரிய லாபம், துடுப்பை நீங்களே செதுக்கிக்கொள்ளலாம் என்பது. 8 அடி நீள, இரண்டுக்கு நான்கு அங்குல செடார் பலகை, ஒரு இழைப்புளி, ஒரு வாரக் கடைசி. பலகையில் கணு இல்லாமல், நார் நேராக ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். அளவு உங்கள் உடம்பிலேயே இருக்கிறது. இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளத்தோடு ஒரு முழம் சேர்த்தால் துடுப்பின் நீளம். பெரும்பாலானவர்களுக்கு 210 முதல் 225 செ.மீ.க்குள் வரும். நடுத்தண்டு தோளகலத்தை ஒட்டி. அலகு, கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் பிடிபடும் அகலம், 8 அல்லது 9 செ.மீ. அதைவிட அகலமாக விட்டுவிட்டால் கை வழுக்கிப் போகாது. இந்தத் துடுப்பின் உயிரே கை வழுக்கி நகர்வதில்தான் இருக்கிறது.

வலிப்பதில் ஒரே ஒரு மர்மம் உண்டு, அது சாய்வு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தண்டில் வளையமாக இருக்க, மீதி விரல்கள் அலகின் தொடக்கத்தில் படியும். அலகின் மேல் விளிம்பை முன்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துத் தண்ணீருக்குள் விட வேண்டும். அப்படி விட்டால் அலகு தானாகக் கீழே இறங்கும், முழுசாக முங்கும். நேர்செங்குத்தாக விட்டால் கையில் படபடவென்று துடிக்கும், குமிழி கிளம்பும். கால் அருகே அலகை நட்டவுடன் ஆவேசமாக இழுக்காமல், முழுசாக முங்கும்வரை பொறுத்து, இடுப்பைத் திருப்பியபடி அழுத்தத்தைக் கூட்டினால் போதும். முழங்கை விலாவை விட்டு அதிகம் விலகாது, கை மார்புக்கு மேல் உயராது. அகலத் துடுப்பில் பழகியவர்களுக்கு இந்தத் தாழ்ந்த கை ஒரு வாரம் சோம்பேறித்தனம் போலவே தோன்றும்.

இதில் உங்களுக்கு ஆசான் வேண்டாம், காது போதும். குளக்குளவென்று சத்தம் கேட்டால் சாய்வு தப்பு, அல்லது அவசரம். சத்தம் நின்றால் சரி. அதனால்தான் வலிப்பதைத் தனியாகக் கற்கலாம் என்கிறேன். தப்பை அதுவே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

தாங்கலில் கதை வேறு. படுத்தபடி அலகை நீர்மட்டத்தில் முன்னும் பின்னும் துழாவி மிதக்கும் தாங்கலை நான் ஒரு கோடை முழுக்கத் தனியாகப் பழகினேன். தோசைமேல் எண்ணெயைக் கரண்டியின் முதுகால் தடவும்போது, போகும் திசையில் விளிம்பு லேசாகத் தூக்கி இருக்குமே, அதே சாய்வு. அது எனக்கு வந்துவிட்டது. எழவும் முடிந்தது. பிரமாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்டில் நண்பர் ஒருவர் கரையிலிருந்து போனில் எடுத்த படத்தைப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் தலையைத்தான் முதலில் தூக்குகிறேன், படகு நிமிர்வதற்கு முன்பே. மிச்ச வேலையைத் தோள் செய்கிறது. அந்தக் கோடை முழுவதும் வலது தோள் ஏன் வலித்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பழகிவிட்ட தப்பை மறக்க அடுத்த குளிர்காலம் முழுக்க ஆனது. இந்த வழியின் ஒளிந்த செலவு இதுதான்.

யாருக்கு இது சரி? அருகில் கிளப் இல்லாதவர்கள், தண்ணீர் சூடாக உள்ள ஊர்க்காரர்கள், முதலில் பிடிக்கிறதா என்று பார்க்க நினைப்பவர்கள். கவிழும் பயிற்சிக்கு மட்டும் ஆளில்லாமல் போகாதீர்கள், முழங்கால் தண்ணீராக இருந்தாலும்.

## குளத்தில், கிளப்போடு

குளிர் நாடுகளில் கயாக் கிளப்புகள் குளிர்காலத்தில் நீச்சல் குளத்தை வாரம் ஒரு மாலை வாடகைக்கு எடுக்கும். இரைச்சல், குளோரின், ஐந்தாறு படகுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். பத்து வலிப்புக்குள் எதிர்ச்சுவர் வந்துவிடும், அதனால் துடுப்பு வலிக்கக் கற்க இது இடமே இல்லை. தாங்கலுக்கு இதைவிட நல்ல இடமும் இல்லை.

துழாவாமல், அசையாமல் படுத்து மிதக்கும் தாங்கலை எடுத்துக்கொள்வோம். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். நீங்கள் இடுப்பை முறுக்கி இரண்டு தோள்களும் நீர்மட்டத்தில் தட்டையாகப் படியும்படி மல்லாந்து படுப்பீர்கள். துடுப்பு படகிலிருந்து வெளிப்பக்கமாக நீண்டிருக்கும், முழங்கைகள் மார்பை ஒட்டியே இருக்கும். தண்ணீர்ப் பக்கத்து முழங்கால் படகை அதன் மேல்தளத்தின் அடியிலிருந்து தூக்கிக்கொண்டிருக்கும், மற்றக் கால் தளர்ந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது கால்தான் எல்லாரையும் ஏமாற்றுவது. பயத்தில் அதுவும் இறுகும். இறுகினால் படகு உங்கள் மேலேயே கவிழும். உங்களுக்கோ வலது கால் எது, இடது கால் எது என்றே அந்த நேரத்தில் தெரியாது.

எனக்குச் சொல்லித்தந்தவர் அதிகம் பேசாத பெண்மணி. இடுப்பளவு தண்ணீரில் நின்று என் தோளுக்கடியில் ஒரு கையை வைத்தார், இன்னொரு கையால் இறுகியிருந்த என் தொடைமேல் இரண்டு தட்டு தட்டினார். அவ்வளவுதான். காது தண்ணீருக்குள் போனதும் குளத்து மோட்டாரின் முனகல் மட்டும் கேட்டது. விளக்குகளை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். பதினொன்றோ பன்னிரண்டோ எண்ணியபோது பார்த்தால், அவர் பக்கத்துப் படகுக்காரரிடம் இரண்டு கையையும் ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார். என்னைத் தாங்கியது தண்ணீரும் என் முதுகும்தான். ஒரு கோடை முழுக்க வீடியோ சொல்லித்தராத விஷயம் அந்தத் தொடைத் தட்டில் வந்தது.

எழும்போது வரிசை இது: முதலில் படகு, அப்புறம் உடம்பு பின்தளத்தின்மேல் வழுக்கி ஏறும், தலை கடைசி. பின்தளம் தாழ்வாக இருந்தால்தான் முதுகு அதில் ஏறும். இங்கேதான் ஒரு சிக்கல். கிளப் குளத்தில் கிடைப்பது பெரும்பாலும் குட்டையான ஆற்றுப் படகுகள், அல்லது உயரமான முதுகுச் சாய்வு வைத்தவை. அதில் மல்லாந்தால் முதுகெலும்பு விளிம்பில் இடிக்கும். சொந்தப் படகைக் கொண்டுபோகலாமா, அதைக் கழுவித்தான் உள்ளே விடுவார்களா, கூரையில் 5 மீட்டர் படகைப் பனியில் ஏற்றி இறக்க ஆள் இருக்கிறதா என்பதையெல்லாம் சேருமுன் கேட்டுவிடுங்கள். கேட்காமல் பணம் கட்டி, முதல் இரண்டு வாரம் மற்றவர்களை வேடிக்கை பார்த்தவன் நான்.

கிளப்பில் கிரீன்லாந்து முறை தெரிந்தவர் இருக்கிறாரா என்பது அடுத்த கேள்வி. இல்லாவிட்டாலும் பாதி வேலை நடக்கும். இடுப்பும் முழங்காலும் எல்லா முறைக்கும் பொது. ஆனால் அகலத் துடுப்புக்காரர் கையை உயர்த்திப் பிடிக்கும் தாங்கலைச் சொல்லித்தரலாம். ஒல்லித் துடுப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு அதைச் செய்தால் நெம்புகோல் நீளம் கூடி, தோள் மூட்டு விலகும் ஆபத்து அதிகம். கை ஒருபோதும் தோளுக்குப் பின்னால் போகக்கூடாது என்ற விதியை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

## சில நாள் முகாம்

கிரீன்லாந்தின் தேசிய கயாக் சங்கம் கான்னாட் கட்டுஃபியாட். அதன் அமெரிக்கக் கிளைதான் கஜாக் யூஎஸ்ஏ. இவர்களும் இவர்களைப் போன்றவர்களும் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் சில நாள் முகாம்கள் நடத்துகிறார்கள். டெலவேர் மாநிலத்தில் அக்டோபர் வாக்கில் நடக்கும் டெல்மார்வா முகாம் அப்படி ஒன்று.

இங்கே கிடைப்பது குளத்தில் கிடைக்காத இரண்டு. ஒன்று, இந்த முறையையே வருடக்கணக்காகச் செய்பவர்கள் ஒரே இடத்தில் இருப்பது. இன்னொன்று, பிறர் படகும் பிறர் துடுப்பும். சட்டகத்தின்மேல் துணி இழுத்துக் கட்டிய உண்மையான கிரீன்லாந்து வடிவப் படகில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால், உங்கள் பிளாஸ்டிக் படகு ஏன் ஒத்துழைக்கவில்லை என்று தெரிந்துவிடும். தொடைக்குமேல் வளைந்து நிற்கும் மசிக் என்ற விட்டத்தைத்தான் முழங்கால் பிடித்துத் தூக்குகிறது. கால்சட்டை மாட்டுவதுபோலத்தான் அதற்குள் நுழைய வேண்டும், அவ்வளவு இறுக்கம். குட்டையான புயல் துடுப்பு, அலகை முழுசாக ஒரு பக்கம் நீட்டி வலிக்கும் வழுக்கல் முறை, மார்பு தண்ணீரில் பட முன்பக்கம் குனிந்து துழாவும் பல்லூசினெக் எல்லாம் இங்கே பார்க்கக் கிடைக்கும். பல்லூசினெக் பார்க்க எளிது. செய்து பாருங்கள், தெரியும்.

ஒளிந்த செலவு துய்லிக். கட்டணத்தைப் பார்த்துப் ‘பரவாயில்லையே’ என்று கிளம்புவீர்கள். அங்கே பாதிப் பேர் அந்தத் தலைமூடி வைத்த ஒற்றை உடுப்போடு நிற்பார்கள். முகம், மணிக்கட்டு, படகின் விளிம்பு மூன்றிலும் இறுகி, தண்ணீர் உள்ளே போகாமல், உள்ளே காற்றை அடைத்து வைத்திருக்கும். அந்தக் காற்று தருகிற மிதப்பில் தாங்கல் பாதி எளிதாகிவிடும். அந்தக் காலத்தில் சீல் என்ற கடல் விலங்கின் தோலில் தைத்தார்கள், இப்போது நியோப்ரீன். ஒருமுறை இரவல் வாங்கிப் போட்டவர் வாங்காமல் வீடு திரும்புவது கடினம். விலையோ கொஞ்சம் அல்ல. வாங்குவதைத் தப்பென்று சொல்லவில்லை, ஆனால் முதல் வருடத்தில் வேண்டாம். துய்லிக்கின் மிதப்பில் கற்றதை உயிர்காப்புச் சட்டையோடு மறுபடி கற்க வேண்டிவரும்.

இன்னொரு ஆபத்து, மூன்று நாளில் பத்து விஷயம் காட்டுவார்கள். பத்தையும் தொட்டுப் பார்த்து, ஊருக்கு வரும்போது ஒன்றும் கையில் இருக்காது. இரண்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

குளம் கிடைக்காதவர்களுக்கும், கோடை முழுக்கத் தனியாகப் பழகி முட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கும் இது நல்ல வழி. சுத்தமாகப் புதியவருக்குக் கொஞ்சம் வீண்.

## கிரீன்லாந்துக்கே போய்

ஆசை எல்லாருக்கும் இருக்கும். எனக்கும் உண்டு, இன்னும் போகவில்லை. அதனால் போய்வந்தவர்கள் சொன்னதையும் பொதுவில் தெரிந்ததையும் வைத்தே எழுதுகிறேன்.

இந்த வித்தை அங்கேயே அழியும் நிலைக்குப் போய், திரும்பி வந்தது. மோட்டார் படகு வந்ததும் கயாக்கில் வேட்டைக்குப் போவது மங்கியது. 1983-இல் நெதர்லாந்திலிருந்து சில பழைய கயாக்குகள் நூக் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வர, அவற்றைப் பார்த்த இளைஞர்கள் கிளப் தொடங்கினார்கள். பிறகு ஒவ்வொரு ஊராகக் கிளப்புகள், தேசியப் போட்டி. இப்போது கோடையில் ஊர் மாற்றி ஊர் நடக்கும் அந்தப் போட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட வகை ரோல்கள் உண்டு. கையால் மட்டும், ஈட்டி எறியும் நொர்சாக் பலகையால், துடுப்பை முதுகுக்குப் பின்னால் பிடித்து, கைகளைக் குறுக்கே மாட்டிக்கொண்டு. விளையாட்டுக்காகக் கண்டுபிடித்ததுபோல் இருக்கும். ஆனால் சீல் இழுத்த கயிறு சுற்றிக்கொண்டால், துடுப்பு கைதவறிப் போனால் என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் வேட்டைக்காரனின் ஒரு கெட்ட நேரம் இருக்கிறது. உடுப்பு படகோடு கட்டியிருக்கும், தண்ணீரோ உறைநிலைக்கு அருகில். நீந்திக் கரையேறலாம் என்ற வழியே கிடையாது. பலமுறை தேசியப் பட்டம் வென்ற மாலிகியாக் பதில்லா, தாத்தாவிடம் கற்றவர்.

1930-31-இல் கிழக்குக் கிரீன்லாந்துக்குப் போன ஆங்கிலேயர் ஜினோ வாட்கின்ஸ், உள்ளூர்க்காரர்களிடமே கயாக்கும் ரோலும் கற்றார். 1932-இல் மறுபடி போனவர், தனியாகச் சீல் வேட்டைக்குக் கிளம்பி, திரும்பவில்லை. படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. நல்லவர்களிடம் நன்றாகக் கற்றவருக்கே இந்தக் கதி என்பதை, தனியாகக் கடலுக்குக் கிளம்பும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

நடைமுறைக்கு வருவோம். 2024 நவம்பரில் நூக்கின் புதிய ஓடுபாதை திறந்த பிறகு பெரிய விமானங்கள் நேராக இறங்குகின்றன. 2025 கோடையில் நியூயார்க் பக்கமிருந்து நேரடிச் சேவையும் தொடங்கியது. போவது முன்னைவிட எளிது. ஆனால் மூடுபனி வந்தால் விமானம் நிற்கும், ஊருக்கு ஊர் சாலை கிடையாது, விடுதிச் செலவு உங்கள் தலையில். பயணத்தின் இரண்டு முனையிலும் இரண்டு மூன்று நாள் கூடுதலாகக் கணக்குப் போடாதவர்கள் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். அங்குள்ள கிளப்புகள் தங்கள் பிள்ளைகளுக்குப் பாட்டன் வித்தையைச் சொல்லிக்கொடுக்க நடப்பவை, சுற்றுலாப் பயிற்சி நிலையங்கள் அல்ல. மல்லாந்து மிதக்கவே தெரியாமல் போய் அவர்கள் நேரத்தை எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அடிப்படை கைவந்தபின் போனால், பார்ப்பதே பாடம்.

## காலண்டரில் வைத்துப் பார்த்தால்

இப்போது வசந்தம் என்றால் செடார் பலகை வாங்குங்கள். கோடை முழுக்க வலிப்பது மட்டும், சத்தம் அடங்கும்வரை. தாங்கலைத் தொடாதீர்கள், கை அரித்தாலும். அக்டோபரில் குளத்துப் பதிவு தொடங்கியதும் சேருங்கள், படகைப் பற்றிக் கேட்டுவிட்டு. முதுகு நெகிழாதவர்கள் அதற்குள் தரையில் படுத்து இடுப்பு முறுக்கும் பயிற்சி செய்யலாம். குளிர்நீரில் வருடக்கணக்கில் பழகினால் காதுக்குள் எலும்பு வளரும் என்பதால் காதடைப்பானும் வாங்குங்கள். அடுத்த கோடையில் கையில் காசிருந்தால் முகாம்.

மூக்குக் கிளிப் மட்டும் இரண்டாக வாங்குங்கள். ஒன்று முதல் நாளே குளத்தின் அடிக்குப் போய்விடும்.